அரைக் குளிசை

தேத்தண்ணீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, இரண்டுக்கும் சீனி போட்டுக் கலக்கி, ஒன்றை முன்னறைக்குக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, தன் கோப்பையை வாயில் வைத்த பிறகுதான், மகன் இன்னும் வகுப்பால் வரவில்லை என்பது றஞ்சிதத்துக்கு உறைத்தது.

அடுப்படியில் நின்றபடியே தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். யன்னலோரம் கடலைப் பார்க்கப் போட்டிருந்த பிரம்புக் கதிரையில் ஒருவன் இருந்தான். முதுகும் பிடரியும் மட்டும்தான் தெரிந்தன. கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்து, இரண்டு கைகளையும் தொடையில் வைத்து, வகுப்பில் தண்டனைக்கு இருத்திவைத்த பெடியன்போல அசையாமல் இருந்தான். கடலோரத் தண்டவாளத்தில் மூன்றே முக்கால் ரயில் வந்து, யன்னல் கம்பிகளை அதிரவைத்து, உப்பும் துருவும் கருவாடும் கலந்த காற்றை வீட்டுக்குள் தள்ளிவிட்டு, பம்பலப்பிட்டிப் பக்கம் இரைந்துகொண்டு போய் முடியும்வரைக்கும் அவள் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் போன பிறகு கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஸ்டூலில் தேத்தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடத்தில் நிரூபன் ஒரு றாத்தல் பாணோடு படியேறி வந்தான்.

“ஆருக்கம்மா தேத்தண்ணி?”

“உனக்குத்தான்.”

“நான் வாறது எப்பிடித் தெரியும்?”

“செருப்புச் சத்தம் கேட்டது,” என்றாள். முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்த வாய். பொய்யைக்கூடத் தடுமாறாமல் சொன்னது.

பேய் பிசாசுக்குப் பயந்த ஆள் இல்லை அவள். அவள் பயந்தது பொலிஸ் பதிவுக்கு. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கொழும்பில் தமிழர் இருக்கிற வீட்டில் ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று பொலிசில் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய படிவத்தை எந்த நேரமும் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மேல்வீட்டின் இரண்டு அறைகளில் குடியிருந்த அவர்களுடைய படிவத்தில் இரண்டே பெயர்கள். றஞ்சிதம், வயது ஐம்பத்தொன்பது, ஓய்வுபெற்ற ஆசிரியை. நிரூபன், வயது இருபது, மகன். படிவத்தில் இல்லாத ஒருவர் ஒரு ராத்திரி தங்கிவிட்டாலும் தங்கியவரையும் கொண்டுபோவார்கள், தங்கவைத்தவரையும் கொண்டுபோவார்கள். ஆகவே அந்தப் பிடரியைக் கண்டதும் அவளுக்கு வந்த முதல் எண்ணம் இது மனிசனோ ஆவியோ என்பதில்லை. இவன் பதிவில் இல்லையே என்பதுதான். பிறகு நினைத்துப் பார்க்க அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தாலும் பயம் போகவில்லை.

ஏனென்றால் நிரூபனை ஒருமுறை கொண்டுபோயிருந்தார்கள். மாசி மாதம், பஸ்ஸிலிருந்து இறக்கி. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பெடியனுக்குச் சிங்களத்தில் இரண்டே சொல்தான் தெரியும்: ஒவ் என்றால் ஆமாம், மாத்தயா என்றால் ஐயா. பணிவாக நடந்தால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணி, கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் “ஒவ் மாத்தயா, ஒவ் மாத்தயா” என்று தலையாட்டியிருக்கிறான். எதற்கெல்லாம் ஆமாம் சொன்னானோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். மூன்றாம் நாள் விட்டார்கள். ஒரு கிழமைக்கு அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. அன்றைக்கு றஞ்சிதம் அவனுக்கு ஒரு சட்டம் போட்டாள்.

“இனி அவங்கள் வந்தால் நீ கதிரையிலை இரு. நிண்டால் ஓடப் போறாய் எண்டு நினைப்பாங்கள். குனிஞ்ச தலை நிமிரக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. நான் கதைக்கிறன்.”

இளம் வயதில் எட்டு வருடம் தெற்கே காலி நகரில் படிப்பித்தவள் என்பதால் அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நோர்வேயில் இருந்த மூத்தவள் தம்பிக்கு எல்லா ஒழுங்கும் செய்துவிட்டாள். ஆனி மாதம் பதினாலாம் திகதி பிளேன். அதுவரைக்கும் இவனைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். றஞ்சிதத்துக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

அந்த ஆள் அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

ஒழுங்கை முனையில் காலி வீதியோடு இருந்த பாமசியில் பஹ்மியா நின்றாள். முக்காடும் மூக்குக்கண்ணாடியுமாக, டொக்டரின் துண்டைப் பார்க்காமலே மருந்தை எடுக்கிற கெட்டிக்காரி. றஞ்சிதத்தின் நடுக்குவாதத்துக்கு ஒன்றரை வருடமாக அவள்தான் குளிசை எண்ணிக் கொடுக்கிறாள். அன்றைக்குக் குளிசையை உறையில் போட்டவள் உறையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, வாய் காயுதா?”

“காயுது.”

“பேப்பர் எழுத்துக் கலங்குதா?”

“ஓம்.”

“இந்தச் சின்ன வெள்ளக் குளிசை தொடங்கி எவ்வளவு நாள் ஈக்கும்?”

“ஆறு கிழமை. அதுக்குப் பிறகுதான் கால் ஒழுங்கா நடக்குது.”

பஹ்மியா கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“ஆளுகள் யாரும் தெரியிறாங்களா?”

றஞ்சிதம் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவருக்கும் சொல்லாததை ஒருத்தி இவ்வளவு லேசாகக் கேட்டது அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

“எங்கட மாமாவும் இதே குளிசைதான் குடிச்சாரு,” என்றாள் பஹ்மியா. “கட்டில்ல பூனை ஈக்குது எண்டு பத்து நாள் தரையில படுத்தாரு. அது மருந்து செய்ற வேல ஆன்ட்டி. பயப்புடாதீங்க. குளிசை குடிச்ச நேரம், ஆளைக் கண்ட நேரம், ரெண்டையும் எழுதுங்க. டொக்டருக்கிட்ட வெறும் வாயால சொன்னா உங்களைத்தான் பார்ப்பாங்க. எழுதிக் காட்டினா மருந்தைப் பார்ப்பாங்க.”

அன்று பின்னேரம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டாள். நடுங்குகிற கையால் போட்ட கோடு புழுப்போல் நெளிந்தது. ஐந்து நாள் எழுதினாள். குளிசை இரண்டு மணிக்கு என்றால் அவன் மூன்றே முக்காலுக்கு. குளிசை மூன்று மணிக்கு என்றால் அவன் ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். காலைக் குளிசைக்கும் அதே கணக்கு. ஐந்தாம் நாள் கொப்பியைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கணக்குக்குக் கட்டுப்படுகிற ஒன்றுக்கு என்னத்துக்குப் பயப்பட வேண்டும்? அன்றைக்கு அந்தப் பிடரியைப் பார்த்து, “நீ வெறும் குளிசை,” என்று வாய்விட்டே சொன்னாள்.

ஹெவ்லொக் டவுனில் இருந்த டொக்டர் சவுந்தரநாயகம் கொப்பியை இரண்டு தரம் வாசித்தார்.

“ரீச்சர், இப்பிடி எழுதிக்கொண்டு வாற நோயாளி எனக்கு வருசத்திலை ஒராள் கிடைச்சால் பெரிசு,” என்றார். “இது பக்கவிளைவுதான். வயசுபோன ஆக்களுக்கு இந்தக் குளிசை சில நேரம் இப்பிடி விளையாட்டுக் காட்டும். பாதியாக் குறைப்பம். ஒரு கிழமைக்கு அரைக் குளிசை. பிறகு என்னட்டை வாங்கோ, இன்னும் குறைக்கலாம். ஆனால் நீங்களாச் சடாரெண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ. நிப்பாட்டினால் கால் தரையோடை ஒட்டிக்கொண்டு நிண்டிடும்.”

“அதுவரைக்கும் அவன் வந்தால்?”

“பாக்காதேங்கோ. கதைக்காதேங்கோ. கதிரையிலை ஒருத்தரும் இல்லை எண்டு உங்கடை பாட்டிலை இருங்கோ. கவனிக்கக் கவனிக்கத்தான் அது கூடும்.” பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். “மகனுக்குச் சொன்னியளோ?”

“சொல்லுறன்,” என்றாள். சொல்லும் எண்ணம் அவளுக்கு இல்லை. அம்மாவுக்குச் சுகமில்லை என்றால் நான் போகமாட்டேன் என்று அவன் ஏற்கெனவே இரண்டு தரம் மூக்கைச் சிந்தியிருக்கிறான். அவன் போயே ஆகவேண்டும்.

குளிசையைச் சவர அலகால் இரண்டாகப் பிளந்தாள். அலகு பட்டதும் வெள்ளைத் தூள் மேசையில் சிந்தியது. அதை விரலால் துடைத்துச் சாரியில் தேய்த்தாள். பார்க்காமல் இருக்கவும் பழகினாள். முன்னறைக்குள் போகும்போது கண்ணை மேலே தூக்கி, கதிரைக்கு மேல் சுவரில் தொங்கிய கலண்டரில் நிறுத்திக்கொண்டு நேரே நடந்து, யன்னல் திரையை இழுத்துவிட்டு, அதே கலண்டரைப் பார்த்தபடி திரும்புவாள். மூன்று நாளில் அது காலுக்கும் கண்ணுக்கும் பழகிவிட்டது. அந்த மூன்று நாளும் அவன் ஒரே ஒரு தரம்தான் வந்தான். கொப்பியில் அதை எழுதும்போது கோடு கொஞ்சம் நேராக வந்ததுபோல் இருந்தது.

நாலாம் நாள் காலை, குளிசையைக் கையில் எடுக்கு முன்பே அவன் கதிரையில் இருந்தான்.

றஞ்சிதம் அதை எழுதவில்லை. பேனாவை எடுத்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், பேனாவை மூடினாள். இதை டொக்டர் கண்டால் ஆஸ்பத்திரிக்கு எழுதுவார், அங்கே மகனைக் கூப்பிடுவார்கள், பதினாலாம் திகதி பிளேன் அவன் இல்லாமல் பறக்கும். பிள்ளைகள் விடையைப் பார்த்துக் கணக்கைத் திருத்தி எழுதினால் அவள் கொப்பியைத் தூக்கி வெளியே எறிந்த காலம் இருந்தது. அன்றைக்கு அந்தக் கட்டத்துக்குள் அவளே ‘இல்லை’ என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அவன் நேரம் காலம் பார்க்கவில்லை. பாண் வெட்டும்போது இருந்தான். ரேடியோவில் மரண அறிவித்தல் போகும்போது இருந்தான். கலண்டரைத்தான் பார்த்தாள், ஆனால் ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. கண்ணின் கீழ்விளிம்பில் அவன் எந்நேரமும் ஒரு நிழலாக ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அந்த நிழல் நீலக் கோடு போட்ட சட்டை அணிந்திருந்தது. அது நிரூபனின் சட்டை. அடுப்படிக்குப் பின்னால் கொடியில் அது அப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. போய்த் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிரூபன் போய்த் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை கதிரையில் இருந்தவனின் பிடரியில் சவரக்கத்தி போன இடம் வெள்ளையாகத் தெரிந்தது. சலூனில் பூசுகிற பவுடரின் மணம் முன்னறை முழுக்க இருந்தது. நிரூபன் அந்த நேரம் வகுப்பில் இருந்தான். குளிசை கண்ணுக்குக் காட்டும், சரி. மூக்குக்குமா காட்டும்? பஹ்மியாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்ற பயம்.

இன்னொன்றும் இருந்தது. முதல் நாள் முதுகும் பிடரியும் மட்டும்தான் தெரிந்தன. இப்போது ஒரு காது தெரிந்தது. இரண்டு நாள் போக, கன்னத்தின் ஓரம் தெரிந்தது. கதிரை திரும்பவில்லை. அது கடலைத்தான் பார்த்தபடி இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம், உலர்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு முன்னறையைக் கடந்து போனாள். கண் கலண்டரில்.

“அம்மா.”

நடந்தாள்.

“அம்மா, உங்களைத்தான்.”

துணி கைநழுவி விழுந்தது. கதிரையில் நிரூபன் இருந்தான். நிரூபனேதான். மடியில் ஆங்கிலப் புத்தகம். அவன் முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல் சுருங்கிப் போயிருந்தது.

“மூண்டு தரம் கூப்பிட்டிட்டன். ஏனம்மா நான் இதிலை இருந்தால் என்னைப் பாக்கிறியள் இல்லை? கோவமே? நான் போறது பிடிக்கேல்லையே?”

றஞ்சிதம் பக்கத்தில் போய் அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். சூடாக இருந்தான். வியர்வையும் சவர்க்காரமும் மணத்தது. அந்த நிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. சொன்னால் அவன் போகமாட்டான்.

“கண் மங்கலடா தம்பி,” என்றாள். “வேறை ஒண்டும் இல்லை.”

பெற்ற பிள்ளையைப் பிள்ளை இல்லை என்று கடந்து போயிருக்கிறாள். அன்று இரவு வெள்ளைக் குளிசையை உறையோடு எடுத்துக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். பதினொராம் திகதி அது. டொக்டர் சொன்னது நினைவில் இருந்தது. கால் ஒட்டினால் ஒட்டட்டும். மூன்று நாள்தானே.

புதன்கிழமை கதிரை வெறுமையாக இருந்தது.

காலையில் பார்த்தாள். பகல் பார்த்தாள். பின்னேரம் ரயில் போன பிறகு நேராக, இரண்டு கண்ணாலும், பிரம்பின் ஒவ்வொரு பின்னலாகப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பவுடர் மணமும் இல்லை. வாய் காயவில்லை, பத்திரிகை எழுத்து ஊசிபோல் தெளிவாகத் தெரிந்தது. கை மட்டும் முழங்கைவரைக்கும் உதறியது. அடுப்படி வாசலில் கால் நின்றுவிட்டது. எவ்வளவு நினைத்தும் முன்னால் வைக்க முடியாமல், யாரோ பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் நின்று, நிலையைப் பிடித்து உந்தித்தான் அதை எடுக்க முடிந்தது. அதற்கும் அவள் சந்தோஷப்பட்டாள். இது அவளுடைய சொந்த வருத்தம். தெரிந்த வருத்தம்.

வியாழக்கிழமையும் கதிரை வெறுமை. நாளைக்குப் பிளேன்.

ஆறு மணிக்குக் கரண்ட் வெட்டினார்கள். அந்த வருடம் மழை பொய்த்ததால் வெட்டாத நாள் இல்லை. மின்விசிறி முனகி நின்றதும் கடல் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் இரைந்தது. யன்னலில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. நிரூபன் உள்ளறையில் சூட்கேசை அடுக்கிக்கொண்டிருந்தான். கொளுவி பூட்டுகிற சத்தம், திறக்கிற சத்தம், மறுபடி பூட்டுகிற சத்தம். றஞ்சிதம் மெழுகுதிரியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒழுங்கையில் ஜீப் ஒன்று வந்து நின்றது. கீழ்வீட்டுக் கேற் திறந்தது. சப்பாத்துகள் படியேறின. இரண்டு பேர் இல்லை. மூன்று பேர்.

“தம்பி, வாறாங்கள். நான் சொன்னது நினைவிருக்குத்தானே?”

உள்ளறை இருட்டிலிருந்து, “ஓம்,” என்றான்.

படிவமும் இரண்டு அடையாள அட்டைகளும் கைப்பையில் தயாராக இருந்தன. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள். ஏழு அடி தூரம். கால் வரவில்லை. தட்டினார்கள். சுவரைப் பிடித்தாள், ஒரு அடி. மறுபடி தட்டினார்கள். இன்னொரு அடி. அவளுக்குப் பின்னால் பிரம்புக் கதிரை கிறீச்சிட்டது. யாரோ அதில் அமர்ந்த சத்தம். அவள் திரும்பவில்லை. மூன்று கிழமையாகப் பழகியது. ஐயோ, இன்றைக்கா, என்று மட்டும் நினைத்தாள். இன்றைக்கா வந்து தொலைந்தாய்.

கதவைத் திறந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒருவனும் துவக்கோடு இரண்டு பேரும். மரியாதையானவன்தான். வணக்கம்கூடச் சொன்னான். டோர்ச் வெளிச்சத்தில் படிவத்தை வாசித்து, “தெந்நய்,” என்றான். இரண்டு பேர்.

“ஒவ் மாத்தயா. நானும் மகனும்,” என்று சிங்களத்தில் சொன்னாள்.

டோர்ச் அவள் முகத்தில் பட்டது. “எக்கய்,” என்றான். ஒன்று.

டோர்ச் உள்ளறை வாசலுக்குப் போனது. அங்கே நிலையோடு சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டு ஒருவன் நின்றான். “தெக்கய்.” இரண்டு.

டோர்ச் கதிரைக்குப் போனது.

“துனய்.”

மூன்று.

கடல் இரைந்தது. றஞ்சிதம் அந்த எண்ணை இன்னொரு தரம் மனதுக்குள் கேட்டாள். இந்த மனிசன் எந்தக் குளிசையும் குடிக்கவில்லை. இந்த மனிசனும் எண்ணுகிறான். அப்படியென்றால் அது குளிசை இல்லை. கொப்பி இல்லை, கணக்கு இல்லை. அது இருக்கிறது. இந்த வீட்டில் இருக்கிறது. பதிவில் இல்லாமல்.

“இதில் மகன் யார்?”

நிரூபன் உள்ளறையில் இருந்தான். ‘ஓம்’ என்ற சத்தம் அங்கிருந்துதான் வந்தது. கதிரையில் இருப்பது எது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கையை நீட்டினாள். உள்ளறை வாசலைக் காட்டினாள்.

“மகே புத்தா, மாத்தயா.” என் மகன்.

இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தான். வாசலில் நின்றவனின் குனிந்த முகத்தில் வெளிச்சத்தை அடித்தான். அட்டை. முகம். அட்டை. தலையாட்டினான்.

“அப்படியென்றால் இவன்?”

அவள் பார்க்கவில்லை. கலண்டரைப் பார்த்தாள். இருட்டில் கலண்டர் தெரியவில்லை. இருந்தாலும் அந்த இடத்தைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒரு வெறி எழும்பியது. கொண்டுபோகட்டும். டொக்டரால் முடியாததை இவர்கள் செய்யட்டும். இதைத் தூக்கிக்கொண்டு போய், எங்கே வைத்து என்ன செய்தாலும் சரி, என் பிள்ளை நாளைக்குப் பிளேன் ஏறட்டும்.

“மம தன்னே நெ, மாத்தயா,” என்றாள். எனக்குத் தெரியாது. “எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. யாரென்றே தெரியாது.”

சிங்களத்தில் சொன்னாள். தெளிவாக. பயத்தால் நடுங்குகிற கிழவியின் குரலில். இன்ஸ்பெக்டருக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்திருக்க வேண்டும். பயப்படாதீர்கள் அம்மா என்றான்.

இரண்டு பேர் போய்க் கதிரையில் இருந்ததைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள். அது முரண்டு பிடிக்கவில்லை. வாய் திறக்கவில்லை. செருப்பு நிலத்தில் உரசியது. அவளைக் கடக்கும்போது ஒரு தோள் அவள் தோளில் இடித்தது. சூடு. வியர்வை மணம், சவர்க்கார மணம். அது தன்னையே பார்த்தபடி போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணின் கீழ்விளிம்பில் அந்த முகத்தில் பயமே இல்லை. அம்மா கதைத்துவிட்டாள், அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிற ஒரு முகம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சப்பாத்துகள் இறங்கின.

“போயிட்டாங்கள் தம்பி,” என்றாள். குரல் உடைந்தது. “இனி ஒண்டும் இல்லையடா. இனி ஒண்டும் இல்லை.”

உள்ளறை வாசலில் நின்றவனின் தலை குனிந்தபடியே இருந்தது.

“தம்பி.”

கீழே ஜீப்பின் கதவு திறந்தது.

“அம்மா?”

ஒழுங்கையிலிருந்து. கேள்விபோல. இன்னும் நம்புகிற குரலில்.

“அம்மா, என்னை ஏத்துறாங்கள். அம்மா, சொல்லுங்கோ. நான்தான் எண்டு சொல்லுங்கோ. அம்மா.”

றஞ்சிதம் ஓடினாள். ஓடியது மனம் மட்டும்தான். பாதம் இரண்டும் நிலத்தில் நின்றன. இடுப்பை உந்தினாள். சுவரை அறைந்தாள். கத்த வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. பாதம் அசையவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை. ஜீப் இரைந்து, பின்னால் போய், திரும்பி, காலி வீதிப் பக்கம் ஏறியது. அம்மா, அம்மா என்ற குரல் அதோடு ஏறியது.

உள்ளறை வாசலில் நின்றது நடந்து வந்தது. அடியோசை இல்லை. யன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்துக்குள் வந்து, முதல் முறையாக, முழுதாக, அவள் பக்கம் திரும்பியது.

நிரூபனின் முகம்.

வாய் அசைந்தது. கீழே ‘அம்மா’ என்று கேட்கும்போது அந்த உதடுகளும் அம்மா என்றன. குரல் நின்றால் நின்றன. குரல் எழுந்தால் திறந்தன. ஜீப் தூரமானது. குரல் மெலிந்தது. காலி வீதியின் பஸ் சத்தம் அதை விழுங்கியது. ஒன்றும் கேட்கவில்லை.

உதடுகள் நிற்கவில்லை.

அம்மா. அம்மா. அம்மா. சத்தமே இல்லாமல். இருட்டு யன்னல்வரைக்கும் வந்தது. அவள் நின்ற இடத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு உதடுகள் மூடிக்கொண்டன. அந்த முகம் எதையோ கவனித்துக் கேட்டது. யாரோ அதனிடம் ஏதோ கேட்பதுபோல.

யாரும் தொடவில்லை. அந்தத் தலை படாரென்று ஒரு பக்கம் அடிபட்டுத் திரும்பியது.

மெல்ல நேரே வந்தது. கன்னம் தடித்திருந்தது. உதட்டோரம் கறுப்பாக ஈரம் வடிந்தது. அது றஞ்சிதத்தைப் பார்த்தது.

மறுபடி திரும்பியது.